எங்க ஊர்ல எழுத என்ன சார் இருக்கு?

பள்ளிப் பிள்ளைகளிடம் தினமும் ஐந்து வரி எழுதுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது. "எங்க ஊர்ல எழுத என்ன சார் இருக்கு? தெனமும் ஒண்ணுதானே நடக்குது!" விழுப்புரத்திலும் இதையே கேட்டார்கள், திண்டிவனத்திலும் இதையே கேட்டார்கள். ஆசிரியர்கள் சிலரும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். பதிலுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதிவரை போனால் போதும்.

அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு சிறு வயதில் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சுக் கும்பெனியோடு வியாபாரம், பிறகு துபாஷி வேலை, 1747 முதல் கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் தலைமை துபாஷி என்று வளர்ந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். வெள்ளைக்காரத் துரைக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நவாப்பின் ஆளுக்கும் இடையில் நின்று பேசுகிறவர். இன்றைய அலுவலக பாஷையில் சொன்னால், எல்லாக் கோப்பும் அவர் மேசை வழியாகத்தான் போகும்.

இப்படி எத்தனையோ துபாஷிகள் இருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். இவர் பெயர் மட்டும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. 1736 செப்டம்பர் 6-ம் தேதி அவர் ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து, காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வருவதையும் போவதையும், புதிதாக நடப்பதையும் எழுதி வைக்கப் போகிறேன் என்று தொடங்கினார். அப்போது அவருக்கு 27 வயது, பெரிய பதவி எதுவும் இல்லை. தொடங்கியவர் 1761 ஜனவரி 12 வரை, இடையில் விட்டு விட்டாவது, இருபத்து நான்கு வருஷத்துக்கு மேல் எழுதினார். அதே மாதம் 16-ம் தேதி ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுந்தது. அந்த நாட்களிலேயே அவரும் காலமானார்.

அந்த நாட்குறிப்பில் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, 1748-ல் ஆங்கிலக் கப்பற்படை புதுச்சேரியை முற்றுகையிட்டது, அந்த முற்றுகை நாட்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அவற்றை அல்ல. இன்ன கப்பலில் இன்ன சரக்கு வந்தது, என்ன விலைக்குப் போனது, கவர்னர் இன்று எந்த முகத்தோடு பேசினார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எத்தனை நாழிகைக்கு மழை பிடித்தது, இதையெல்லாம் எழுதியிருக்கிறார். ஊருக்குள்ளும் கடற்கரையிலும் கண்ட இடத்தில் அசுத்தம் செய்யக்கூடாது என்று கும்பெனி தமுக்கடித்ததுகூட இருக்கிறது. வெளியூர் ஆட்களை ஏமாற்றிக் கொண்டு வந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை 1743-ல் வெளிப்பட்டதும் இருக்கிறது. பிடிபட்டு வந்தவர்கள் எழுதவில்லை. இவரும் எழுதாமல் போயிருந்தால் அவர்கள் பட்ட பாட்டில் இந்த அளவுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

நடை என்று பார்த்தால் அதில் இலக்கியம் கிடையாது. பேசுகிறபடியே எழுதியிருக்கிறார். பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, தெலுங்கு எல்லாம் கலந்து வரும். தமிழாசிரியர் கையில் கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மை விழும். ஆனாலும் 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் செலவு செய்து 12 தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதை வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பிழையில்லாமல் எழுதினால்தான் எழுத்து என்று நினைத்துப் பேனாவைத் தொடாமலிருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அது நமக்குக் கிடைத்த கதையும் கேட்கத்தக்கது. அவர் காலமாகி எண்பத்தைந்து வருஷம் அந்தப் புத்தகங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1846-ல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துப் படியெடுக்க ஏற்பாடு செய்தார். திருக்குறளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சில் தந்த எதுவார் அரியேல் தாமும் ஒரு படி எடுத்தார். அது இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இந்த இரண்டு பேர் மட்டும் அக்கறை காட்டாமல் போயிருந்தால், இருபத்து நான்கு வருஷத்து ஊர்க்கதை கரையானுக்குப் போயிருக்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்நாளைய புதுச்சேரிக் கோட்டைக்கு வில்லியனூர் வாசல், வழுதாவூர் வாசல் என்று வாசல்கள் இருந்தன. இரண்டும் நம் ஊர்ப்பக்கம் பார்த்த வாசல்கள். வழுதாவூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பஞ்சம் என்றாலும் படையெடுப்பு என்றாலும் இந்தப் பக்கத்துச் சனங்கள்தான் மூட்டை முடிச்சோடு அந்த வாசல்களில் போய் நின்றார்கள். உள்ளே இருந்த பிள்ளை, வந்தவர்களைப் பற்றிக் கேட்டு எழுதினார். வெளியே நின்றவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளவில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. அதே வருஷம் டிசம்பரில் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிப் பக்கத்தில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். 1752 ஜூலையில் விக்கிரவாண்டியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்து ஆங்கிலப் படை தோற்றது. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். திண்டிவனத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் இந்த ஊர்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். பத்து வருஷத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. எழுத என்ன இருக்கிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்களே, அந்த ஊர்கள்தான் இவை.

விக்கிரவாண்டி என்றால் இப்போது எல்லோருக்கும் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். 1752-ல் அங்கே குடியிருந்தவர்கள் அன்று எங்கே ஓடினார்கள், மாடுகளை எங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள், நாற்றங்காலில் படை இறங்கியதா, செத்தவர்களை யார் புதைத்தார்கள்? ஆங்கிலேயப் படைத்தலைவர் பெயர் கின்னீர் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் பெயரும் இல்லை. சரித்திரத்தில் நம் ஊர்கள் படை நடந்துபோன வழியாக மட்டுமே வருகின்றன. படிப்பில்லாத காலம் என்று மட்டும் அதற்குச் சமாதானம் சொல்லிவிட முடியாது. எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் அன்றும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வரிக்கு வேண்டியதை எழுதினார்கள். வாழ்க்கையை எழுதவேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இது எனக்கு நேரில் தெரிந்த விஷயம். வருவாய்த் துறையில் உதவியாளராகக் காலம் தள்ளியவன் நான். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசாங்கம் எடுத்தபோது, கிராமக் கணக்குகள் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அடங்கலைப் பிரித்தால் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், சாவியா விளைச்சலா எல்லாம் தெரியும். சாவியான வருஷம் அந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போனதா என்பது எந்தக் கிராமக் கணக்கிலும் இல்லை. அதற்குப் படிவம் கிடையாது.

படிவம் இல்லாததை எழுதிய குமாஸ்தாக்களும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் கடற்படை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார். 1666-ல் லண்டன் நகரமே தீப்பற்றி எரிந்தபோது, அவர் தோட்டத்தில் குழி வெட்டித் தம்முடைய ஒயினையும் இத்தாலியப் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்தாராம். அதையும் வெட்கப்படாமல் எழுதி வைத்திருக்கிறார். தீயின் பயங்கரம் அந்தப் பாலாடைக்கட்டியில்தான் எனக்குப் புரிந்தது. வீடு போனாலும் போகட்டும், இதாவது மிஞ்சட்டும் என்று மனிதன் எதைக் கையில் எடுக்கிறான் பாருங்கள்.

புதுச்சேரியிலும் பிள்ளையோடு இந்த வழக்கம் நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்துத் திருவேங்கடம் பிள்ளை 1761-க்குப் பிறகு எழுதினார். நகரக் காவல் அதிகாரியாக, அதாவது நயினாராக இருந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். காவல்காரர் அல்லவா, தெருச் சண்டையும் சாதி வழக்கும் திருவிழாவும் அதில் நிறைய வரும். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவரும் எழுதியிருக்கிறார். பழக்கம் என்பது அப்படித்தான் தொற்றிக்கொள்கிறது. அதை நம்பித்தான் நானும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே ஒவ்வொரு நாளும் கய்யேயைத் திறந்தவுடன், அதாவது நோட்டைத் திறந்தவுடன், முதலில் கிழமையும் தேதியும் எழுதி அடிக்கோடு போடவேண்டும். அதற்குப் பிறகுதான் பாடம். வாரம் ஒருமுறை ரெதாக்சியோன், கட்டுரை. மழை நாளை விவரி, சந்தையை விவரி என்று தலைப்புக் கொடுப்பார்கள். பாடப் புத்தகங்கள் பிரான்சிலிருந்து வந்தவை. அதனால் குளிர்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் பனி விழுவதையும் கணப்படுப்பையும் எழுதிக் கொடுப்பார்கள். ஒருநாள் ஆசிரியர் சன்னலைத் திறந்துவிட்டு, இதன் வழியாகத் தெரியாத எதையும் இன்று எழுதக்கூடாது என்றார். அன்று வகுப்பில் ஒருவருக்கும் பேனா ஓடவில்லை. கண்முன்னால் இருந்த மீன்கூடைக்காரியும் கைவண்டியும் கட்டுரைக்குள் வரலாம் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

செலஸ்தேன் பிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எங்கள் ஆசிரியரின் ஞாபகம் வந்தது. முதல் உலகப் போரில் நெஞ்சில் காயம்பட்டவர் பிரெனே. 1920-ல் பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தார். உரக்க, நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியவில்லை. பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப் போவார். நெசவாளர் வீடு, தச்சுப் பட்டறை, வயல் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை அவர்களையே எழுத வைப்பார். 1924-ல் வகுப்புக்குள்ளேயே சின்ன அச்சு இயந்திரம் ஒன்றை வைத்து, அவர்கள் எழுதியதை அவர்கள் கையாலேயே அச்சுக் கோக்க வைத்தார். பிறகு வேறு ஊர்ப் பள்ளிகளோடு அந்தத் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். தலைப்பு கொடுப்பதில்லை. அவரவர் வீட்டில், தெருவில் நடந்ததுதான் பாடம். ஏழை வீட்டுப் பிள்ளையின் நாளும் அச்சில் ஏறத் தகுந்தது என்று அவர் காட்டினார்.

நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தலைவர்களைப் பற்றியோ சுற்றுச்சூழலைப் பற்றியோ நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். பரீட்சைக்கு அது வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பது நோட்டையும் நூறு வருஷம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்தால், நாற்பது பேர் இருந்தார்கள் என்பதைத் தவிர எதுவும் தெரியாது.

ஓய்வுபெற்ற பிறகு திண்டிவனத்தில் ஒரு பள்ளியிலும் விழுப்புரத்தில் ஒரு பள்ளியிலும் கேட்டு அனுமதி வாங்கி, ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் எல்லோரும் எழுதியது ஒன்றுதான். காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், பள்ளிக்கு வந்தேன். இரண்டாவது வாரம் ஒரு விதி சொன்னேன். நேற்றைக்கும் இன்றைக்கும் எது வித்தியாசமோ அதை மட்டும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வந்தவை வேறு. திண்டிவனத்தில் ஒரு பையன், மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் அப்பா கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பதை எழுதினான். தினமும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு எண். மூன்று மாதம் எழுதியபின் அவனே என்னிடம் சொன்னான், முகூர்த்த நாளில் வியாபாரம் கூடுகிறது, மாசக் கடைசியில் குறைகிறது என்று. பொருளாதாரத்தில் அதுதான் முதல் பாடம். யாரும் அவனுக்கு நடத்தவில்லை.

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, ஆயா மல்லாட்டை உடைக்கப் போன கதைகளைக் கேட்டு எழுதினாள். விரல் நகம் தேய்ந்தது, உடைக்கும்போது பாடிய பாட்டு, மெஷின் வந்தபின் அந்தக் கூலி நின்றுபோனது எல்லாம் வந்தன. மல்லாட்டை என்று எழுதலாமா, நிலக்கடலை என்றுதான் எழுத வேண்டுமா என்று கேட்டாள். ஆயா எப்படிச் சொன்னாங்களோ அப்படியே எழுதும்மா என்றேன். துபாஷியாருக்கு இருந்த உரிமை அவளுக்கும் உண்டு.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் நகரம் தண்ணீரில் நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்களை நிறுத்தினார்கள். இதெல்லாம் செய்தித்தாளில் இருக்கிறது. மயிலம் பக்கத்துப் பையன் ஒருவன் நோட்டில் இருந்தது இது: ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணீர் முதல் படிக்கு வந்தது, எத்தனை மணிக்கு மூன்றாவது படி, ஆட்டுக்குட்டிகளைக் கட்டில் மேல் ஏற்றியது, அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பதா தாத்தாவைத் தூக்குவதா என்று அப்பாவும் அம்மாவும் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்தது. தாத்தாவைத்தான் தூக்கினார்கள். அரிசி போய்விட்டது. பிற்பாடு சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் தண்ணீர் எப்போது புகுந்தது, எதுவரை நின்றது என்று கேட்டபோது, வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்ல, இவன் நோட்டைக் கொண்டு வந்து காட்டினானாம். எழுதி வைத்ததற்கு எதிர்ப்பேச்சு இல்லை. அலுவலகத்தில் இருந்தவனுக்கு அந்த அருமை தெரியும்.

ஆசிரியர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். தேதியும் கிழமையும் கட்டாயம். தேதி இல்லாத தாள் கோப்பிலும் பயன்படாது, சரித்திரத்திலும் பயன்படாது. பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதை இன்னார் சொன்னார் என்றும் பிரித்து எழுதட்டும். ஆனந்தரங்கப் பிள்ளை இதைச் செய்ததால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அவரை நம்புகிறார்கள். தினமும் ஏதாவது ஒரு விலை எழுதட்டும், தக்காளியோ பஸ் டிக்கெட்டோ. ஐந்து வரி போதும், முடியாத நாளில் ஒரு வரி. பத்து நாள் விட்டுப் போனாலும் பதினோராம் நாள் தொடரலாம். துபாஷியார் நாட்குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு.

முக்கியமானது ஒன்று. பிழை திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளை விரும்பிக் காட்டினால் மட்டும் படியுங்கள். வீட்டுச் சண்டையும் கடனும் குடியும் நோட்டில் வரும். அதை வகுப்பில் உரக்கப் படித்தால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பல் தேய்த்ததை மட்டும்தான் எழுதும். பக்கத்தை எண்ணிப் பார்த்து, தேதியைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நோட்டு முடிந்தால் எடைக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

வழுதாவூர் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் பேனா இருக்கிறது. நம் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள அடுத்த ஊர்க்காரர் எழுதியதைத் தேட வேண்டிய நிலை இவர்கள் காலத்தோடு தீர வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். பேரனோ பேத்தியோ வீட்டுக்கு வந்தால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். கூடவே உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய தேதியைப் போட்டு, காலையில் காய்காரர் என்ன விலை சொன்னார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.